ஆகனியும் அகொனியும்

சென்ற வருடம் ஆடி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. விழுப்புரத்தில் இருக்கும் எங்கள் பெண் வீட்டுக்கு என் மனைவி இரண்டு நாள் முன்னால்தான் போயிருந்தாள். நான் புதுச்சேரி வீட்டில் தனியாகப் பழைய டயரிகளைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். காலை பத்தரை மணி இருக்கும். செல்போனில் மணி அடித்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் பேத்தி ஒரு செய்தி போட்டிருந்தாள். பதினோராம் வகுப்புப் படிக்கிறவள். ஆங்கிலத்தில் நான்கே சொற்கள்: 'பாட்டி இன் ஆகனி. ஹாஸ்பிடல்.'

எனக்குக் கை கால் ஓடவில்லை. பெண்ணுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் போட்டேன், எடுக்கவில்லை. எதிர் வீட்டுத் தம்பி நல்ல பிள்ளை, விஷயத்தைச் சொன்னதும் உடனே காரை எடுத்துவிட்டார். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டர். அந்த ஒரு மணி நேரம் நான் என்னவெல்லாம் நினைத்தேன் என்று எழுதினால் என் மனைவி இதைப் படித்துவிட்டுத் திட்டுவாள். யார் யாருக்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்ற பட்டியல்வரை போய்விட்டேன், அவ்வளவுதான் சொல்வேன்.

ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தால் அவள் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். கையில் டிரிப்ஸ் ஏறுகிறது. என்னைப் பார்த்ததும் முதல் வார்த்தை, "என்னங்க, இப்படியா அழுக்கு வேட்டியோட ஓடி வருவீங்க?"

சிறுநீரகத்தில் கல். விடியற்காலையில் வலி கண்டு, ஊசி போட்டு, அப்போதுதான் அடங்கியிருந்தது. பேத்தியைக் கூப்பிட்டு, "ஏம்மா அப்படி எழுதின?" என்று கேட்டேன். "பாட்டிக்கு ரொம்ப வலி தாத்தா. அதான் எழுதினேன். ஏன், தப்பா?" என்றாள்.

தப்பே இல்லை. ஆங்கில அகராதியைப் பார்த்தால் 'ஆகனி' என்ற சொல்லுக்குத் தாங்க முடியாத வலி, கடும் வேதனை என்றுதான் இருக்கும். அது அவளுடைய ஆங்கிலம். என் தலைக்குள் ஓடியது வேறு மொழி.

என்னுடைய பழைய பதிவுகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பர் முதல் தேதி புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தபோது எனக்கு நான்கு வயது. சட்டப்படி முழுமையாக இணைந்தது 1962 ஆகஸ்ட் 16. அதற்குள் நான் பிரெஞ்சில் கூட்டல் கழித்தல் எல்லாம் படித்து முடித்திருந்தேன். வீட்டில் தமிழ், பள்ளியில் பிரெஞ்சு. ஆங்கிலம் என்பது வேலை தேடும் வயதில் வந்து சேர்ந்த மூன்றாவது மொழி. அந்த நாளில் எங்களைப் போன்றவர்கள் பலர். பிரெஞ்சில் சிந்தித்து, அதை ஆங்கில எழுத்தில் எழுதி, தமிழில் விளக்கம் சொல்லிக் காலம் தள்ளினோம்.

பிரெஞ்சில் 'அகொனி' என்று ஒரு சொல் உண்டு. ஆங்கிலத்தில் கடைசி எழுத்து ஒய், பிரெஞ்சில் கடைசி இரண்டு எழுத்தும் ஐ, இ. எழுத்தில் அவ்வளவுதான் வித்தியாசம். பொருளிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். பிரெஞ்சுக்காரர் ஒருவரை அகொனியில் இருக்கிறார் என்றால் அவருக்கு வலி என்று பொருள் அல்ல. அவர் போய்க்கொண்டிருக்கிறார், இன்னும் சில மணி நேரமோ ஒரு நாளோ என்று பொருள். நம் வீடுகளில் 'இழுத்துக்கிட்டு இருக்கு' என்று குரலைத் தாழ்த்திச் சொல்கிறோமே, அதுதான் அகொனி. என் பழைய பெத்தி லரூஸ் அகராதியில் அந்தப் பக்கத்தை எத்தனை முறை புரட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

இப்படி ஒரே முகமும் வேறு மனசுமாக இருக்கும் சொற்கள் இந்த இரண்டு மொழிகளுக்கும் இடையில் நிறைய. வலி என்பதற்கான ஆங்கிலச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பி, ஏ, ஐ, என். அந்த நான்கு எழுத்தைப் பிரெஞ்சுப் பள்ளிப் பையனிடம் காட்டினால் ரொட்டி என்பான். வலிக்கான சிகிச்சைப் பிரிவு என்று ஓர் ஆஸ்பத்திரியில் ஆங்கிலப் பலகை பார்த்தபோது, நோயாளிகளுக்கு ரொட்டி கொடுக்கும் இடம் என்று ஒரு கணம் நினைத்தேன். ஆங்கிலத்தில் 'பிளெஸ்' என்றால் ஆசீர்வாதம். பிரெஞ்சில் 'பிளெஸ்ஸே' என்றால் காயப்படுத்துவது. பிரெஞ்சில் 'த்ரவாய்' என்றால் சாதாரண வேலை. அதே எழுத்துகள் ஆங்கிலத்தில் 'டிராவெய்ல்' ஆகும்போது பெரும்பாடு, பிரசவ வேதனை. இவற்றோடு நான் முப்பத்தைந்து வருடம் கோப்பு எழுதினேன். சிரிக்கிற மாதிரி நடந்ததும் உண்டு, அழுகிற மாதிரி நடந்ததும் உண்டு.

இந்த 'அகொனி' எங்கிருந்து வந்தது என்று பிற்பாடு தேடிப் பார்த்தேன். கிரேக்க மொழியில் 'அகோன்' என்றால் போட்டி. விளையாட்டுப் பந்தயம், மல்யுத்தம், நாடகப் போட்டி எல்லாம் அகோன்தான். கதாநாயகனுக்கு ஆங்கிலத்தில் 'புரோட்டகனிஸ்ட்' என்கிறார்கள், எதிராளிக்கு 'ஆன்டகனிஸ்ட்' என்கிறார்கள். அவற்றுக்குள் இருப்பதும் இதே அகோன். போட்டியில் இறங்கியவனின் போராட்டம் 'அகோனியா'. அதிலிருந்து மனப் போராட்டம், மனக் கலக்கம் என்ற பொருளும் வந்தது. கெத்சமனே தோட்டத்தில் இயேசுநாதர் சாவதற்கு முந்தின இரவு பட்ட பாட்டை லூக்கா எழுதும்போது கிரேக்கத்தில் இந்தச் சொல்லைத்தான் போட்டார். பழைய தமிழ் விவிலியத்தில் அந்த இடத்தில் வியாகுலம் என்று இருக்கிறது. வியாகுல மாதா என்று நம் ஊர்க் கிறிஸ்தவர்கள் சொல்கிற அதே வியாகுலம். அது மனசின் பாடு. உடம்பு வலி அல்ல.

14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் விவிலியம் வந்தபோது இந்தச் சொல்லும் மனவேதனை என்ற பொருளோடு வந்தது. பிறகு சாவுப் போராட்டம் என்ற பொருளும், அதற்கும் பிறகு உடம்பு வலி என்ற பொருளும் சேர்ந்தன. ஆங்கிலத்தில் வலி மேலே வந்து மற்றவை அடியில் போய்விட்டன. பிரெஞ்சில் சாவுப் போராட்டம் மட்டும் தங்கிவிட்டது. ஆனால் ஆங்கில டாக்டர்கள் இன்றைக்கும் பழைய பொருளை விடவில்லை. உயிர் பிரியும் நேரத்தில் விட்டு விட்டு வாங்குகிற மூச்சுக்கு 'ஆகனல் பிரீத்திங்' என்று அவர்கள் புத்தகத்தில் பெயர். நம் ஊரில் ஊர்த்துவ சுவாசம், மேல்மூச்சு என்பார்கள். ஆக, வார்டில் டாக்டர் அந்தச் சொல்லைச் சொன்னால் ஒரு பொருள், வாட்ஸப்பில் பேத்தி சொன்னால் வேறு பொருள்.

விக்டோரியா காலத்து லண்டன் பத்திரிகைகளில் காணாமல் போனவர்களைத் தேடுவோர், காதலர்கள் போன்றவர்கள் சொந்த அறிவிப்புகள் கொடுக்கும் பத்திக்கு 'ஆகனி காலம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பிற்பாடு வாசகர்களின் குடும்பப் பிரச்சினைக்குப் பதில் எழுதும் அம்மாளுக்கு 'ஆகனி ஆன்ட்டி' என்று பெயர் வந்தது. இப்போது பஸ் தாமதமானாலும் ஆகனி, நெட் வேகம் குறைந்தாலும் ஆகனி.

இதை மொழியின் சீரழிவு என்று சொல்ல மாட்டேன். பிரெஞ்சில் 'ழேன்' என்று ஒரு சொல் இருக்கிறது. இப்போது அதற்குக் கூச்சம், சின்ன சங்கடம் என்று பொருள். பழைய காலத்தில் அதற்குச் சித்திரவதை என்று பொருள். சித்திரவதையே கூச்சமாகத் தேய்ந்து போன உலகத்தில் ஆகனி தேய்ந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. நான் சொல்ல வருவது வேறு. அதற்கு 1974-க்குப் போக வேண்டும்.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்து மூன்று வருடம். காரைக்காலில் ஓர் அலுவலகத்தில் போட்டிருந்தார்கள். புதுச்சேரியில் அப்பா, அம்மா, அண்ணன் குடும்பம். அப்பா நொத்தேர் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தை மாதத்தில் பக்கவாதம் வந்து படுத்தார். மாசியில் சற்றுத் தேறினார். நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பார்த்துவிட்டுப் போவேன்.

மார்ச் மாதம், கணக்கு முடிக்கும் நேரம். ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்குத் தந்தி வந்தது. 'ஃபாதர் ஆகனி ஸ்டார்ட்.' மூன்று சொல்.

அண்ணனும் என்னைப் போலவே பிரெஞ்சில் படித்தவர். வீட்டுக்கு வந்து பார்த்த வயதான டாக்டர், பிரெஞ்சுக்காரர் காலத்து மனிதர், அப்பாவின் மூச்சைக் கவனித்துவிட்டு "அகொனி" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனாராம். அண்ணன் நேரே தந்தி ஆபீசுக்கு ஓடி அதே வார்த்தையை எழுதிக் கொடுத்திருக்கிறார். பிரெஞ்சு எழுத்துப்படிதான் எழுதினாராம். அங்கே இருந்த குமாஸ்தா, "சார், ஸ்பெல்லிங் தப்பா இருக்கு" என்று கடைசி இரண்டு எழுத்தை அடித்துவிட்டு ஆங்கில ஒய் போட்டிருக்கிறார். நல்ல எண்ணத்தில் செய்த திருத்தம்.

அந்தக் காலத்தில் தந்திக்கு என்று ஓர் ஆங்கிலம் இருந்தது, மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும். சாகக் கிடந்தால் 'சீரியஸ், ஸ்டார்ட் இமீடியட்லி'. இறந்துவிட்டால் 'எக்ஸ்பயர்டு'. சீரியஸ் என்று தந்தி வந்தால் எப்பேர்ப்பட்ட கடுமையான அதிகாரியும் கேள்வி கேட்காமல் அனுப்பிவிடுவார். தந்தி கொண்டு வருகிற ஆளே முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டுதான் கொடுப்பார். 2013 ஜூலையில் தந்திச் சேவையை நிறுத்தியபோது பலர் பழைய நினைவுகளை எழுதினார்கள். எனக்கு மட்டும் எழுதத் தோன்றவில்லை.

தந்தியைப் படித்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அப்பா போய்க்கொண்டிருக்கிறார். நடுங்கும் கையோடு விடுப்பு விண்ணப்பம் எழுதினேன். என் தந்தை ஆகனியில் இருக்கிறார், எனக்கு மூன்று நாள் தற்செயல் விடுப்பு வேண்டும் என்று ஆங்கிலத்தில். அதிலும் ஒரு கோளாறு. பிரெஞ்சில் 'தெமாந்தே' என்றால் பணிவாகக் கேட்பது. அதே நினைப்பில் 'ஐ டிமாண்ட்' என்று எழுதிவிட்டேன்.

அதிகாரி சென்னைப் பக்கத்திலிருந்து வந்தவர். ஆங்கிலத்தில் கெட்டிக்காரர். பெயர் வேண்டாம். விண்ணப்பத்தைப் படித்தார். டிமாண்ட் என்ற இடத்தில் சிவப்பு மையால் வட்டம் போட்டார். "லீவை டிமாண்ட் பண்ற அளவுக்கு வந்துட்டீங்களா?" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பிறகு தந்தியைப் பார்த்தார். "அப்பாவுக்கு வலின்னா ஆஸ்பத்திரியில சேர்க்கச் சொல்லுங்க தம்பி. அண்ணன் இருக்காரு இல்ல? வெள்ளிக்கிழமை கணக்கு அனுப்பிட்டு, அன்னிக்கு ராத்திரியே கிளம்புங்க" என்றார். குரலில் கடுமை இல்லை. எனக்கு உதவுவதாகவே நினைத்துக்கொண்டு சொன்னார்.

நான் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கணக்குப் புத்தகத்தைத் திறந்தேன். எழுதினேன். அன்று மாலை ஆறு மணிவரை எழுதினேன்.

மறுநாள் வியாழக்கிழமை காலை இரண்டாவது தந்தி. இதில் சந்தேகத்துக்கு இடமில்லாத சொல். அண்ணனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுத்திருந்தார். அதிகாரி அதைப் படித்துவிட்டு எழுந்து நின்றுவிட்டார். "ஏம்ப்பா, சீரியஸ்னு நேத்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார். சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்து என் கையில் திணித்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

காரைக்காலிலிருந்து தரங்கம்பாடி, சீர்காழி, சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுச்சேரிக்கு அன்றைய பஸ்ஸில் நான்கு மணி நேரம். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கிளம்பியிருந்தால் சாயங்காலம் நான்கரைக்குள் வீட்டில் இருந்திருப்பேன். அப்பா உயிர் பிரிந்தது இரவு இரண்டு மணிக்கு. வீட்டில் எல்லாரும் ஆளுக்கொரு மடக்குப் பால் ஊற்றினார்கள். என் பங்குக்கு அம்மா ஊற்றினாளாம். "சின்னவன் ஊத்துறான்டா" என்று அவர் காதில் சொல்லிவிட்டு ஊற்றினாளாம்.

பல வருடம் நான் அந்த அதிகாரியைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிறகு தந்தி ஆபீஸ் குமாஸ்தாவை. பிறகு பிரெஞ்சில் படிக்க வைத்த பள்ளியை. எழுபது வயதுக்கு மேல்தான் உண்மை மெல்ல வெளியே வந்தது. அந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியும். என்னிடம் தமிழில்தான் பேசினார். "சார், அப்பா சாகக் கிடக்கிறார், நான் போகணும்" என்று சொல்ல எனக்கு ஆறு வார்த்தை போதும். நான் சொல்லவில்லை. டிமாண்ட் வட்டத்தைப் பார்த்து ஏற்பட்ட அவமானம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அந்த வார்த்தையைத் தமிழில் சொல்ல எனக்கு நா எழவில்லை. சொன்னால் பலித்துவிடும் என்ற பயம். பிரெஞ்சில், ஆங்கிலத்தில் இருக்கிறவரை அது காகிதத்தில் இருக்கிற ஒரு சொல். தமிழில் சொல்லிவிட்டால் அப்பா நிஜமாகவே சாகிறார். அந்நிய மொழிச் சொல்லுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டேன். எனக்கு அப்பாவைப் பார்க்கக் கிடைத்த ஒன்பது மணி நேரம் அப்படித்தான் போயிற்று.

இப்போது விழுப்புரம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வருகிறேன். அங்கே நடந்த ஒன்றை என் பெண் சொன்னாள். பணியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். "பாட்டி, வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டிருக்கிறார். இப்போது எல்லா இடத்திலும் இப்படித்தான் கேட்கிறார்கள். வலியே இல்லை என்றால் பூஜ்யம், இதற்கு மேல் இல்லை என்றால் பத்து. என் மனைவி, "அந்த மார்க்கெல்லாம் எனக்குப் போடத் தெரியாதும்மா. முதுகுக்குக் கீழ, விலாவுல ஆரம்பிச்சு முன்பக்கம் அடிவயிறு வரைக்கும் இறங்குது. சுருட்டிச் சுருட்டிப் பிடிக்குது. வந்து வந்து போகுது. படுக்கவும் முடியல, உட்காரவும் முடியல" என்றாளாம். டாக்டர் உடனே, "கல்லா இருக்கும் பாட்டி, ஸ்கேன் பார்த்துடலாம்" என்று சொல்லிவிட்டார். ஸ்கேனிலும் அதுதான் வந்தது. ஆகனி என்ற சொல் என்னைக் காரில் ஏற்றி ஓட வைத்தது, அவ்வளவுதான். இன்ன நோய் என்று காட்டிக் கொடுத்தது பாட்டியின் தமிழ்.

கனடாவில் மாண்ட்ரீல் நகரத்தில் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ரொனால்டு மெல்சாக் என்று ஓர் அறிஞர் இருந்தார். 1975-ல் அவர் வலிக்கென்று ஒரு வினாத்தாள் வெளியிட்டார். நோயாளிகள் வலியை வர்ணிக்கச் சொல்லும் 78 சொற்களை இருபது குழுக்களாகப் பிரித்து வைத்தார். துடிக்கும் வலி ஒரு குழு, எரியும் வலி ஒரு குழு, குத்தும் வலி ஒரு குழு என்று போகும். வலி எவ்வளவு என்பது மட்டும் போதாது, எப்படிப்பட்ட வலி என்பதும் டாக்டருக்குத் தெரிய வேண்டும் என்பதுதான் அதன் கருத்து. அந்த எழுபத்தெட்டில் ஆகனியின் பிள்ளையான 'ஆகனைசிங்' என்ற சொல்லும் இருக்கிறது, ஆனால் கடைசிக் குழுவில், பலவற்றில் ஒன்றாக.

அதைப் படித்தபோது என் பாட்டியை நினைத்துக்கொண்டேன். எந்த வினாத்தாளும் இல்லாமல் அவளிடம் இந்தப் பட்டியல் இருந்தது. தலை விண் விண் என்று தெறிக்கும். காது குடையும். பல் கூசும். கண் உறுத்தும். வயிறு பிசையும், கடுக்கும், சுண்டி இழுக்கும். மூட்டு உளையும். கால் குடையும், மரத்துப் போகும். புண் எரியும், காந்தும். கழுத்து பிடித்துக்கொள்ளும். நெஞ்சு கரிக்கும், அடைக்கும், அழுத்தும். தேள் கொட்டினால் கடுக்கும். ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. காது உளைகிறது என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?

நம் வயதுக்காரர்கள் டாக்டரிடம் போனால் என்ன செய்கிறோம்? 'சிவியர் பெயின் டாக்டர்' என்கிறோம். கூட வருகிற பிள்ளை 'அன்பேரபிள்' என்று ஒன்றைச் சேர்க்கிறான். ஆங்கிலத்தில் சொன்னால்தான் டாக்டர் மதிப்பார் என்று ஒரு நினைப்பு. அவரும் தமிழர்தான். பத்து நிமிஷம் கழித்து அவர் ஒவ்வொன்றாக, "எப்படி வலிக்குது, குத்துதா, எரியுதா?" என்று தமிழில் கேட்டு வாங்க வேண்டியிருக்கிறது. அந்தப் பத்து நிமிஷம் எல்லா நேரத்திலும் நம்மிடம் இருக்காது. நெஞ்சை அழுத்துது, இடது கைக்குப் போகுது, வேர்க்குது என்று சொன்னால் அந்த நிமிஷமே ஸ்ட்ரெச்சர் வரும். கரிப்புதான், வாயுதான் என்று நீங்களே முடிவு செய்துகொண்டு வீட்டில் இஞ்சிச் சாறு குடிக்காதீர்கள். எப்படி இருக்கிறதோ அப்படியே சொல்லுங்கள், முடிவை அவர் செய்யட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொல்லக் கூச்சமாக இருக்கிற செய்தியைத்தான் நாம் பெரும்பாலும் இங்கிலீஷில் சொல்லிவிடுகிறோம். 'கிரிட்டிகல்', 'டெர்மினல்', 'சின்க்கிங்' என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பேசிக்கொள்கிறோம். பக்கத்தில் நிற்கிற அத்தைக்கும் சித்தப்பாவுக்கும் பாதி புரிகிறது, பாதி புரியவில்லை. புரியாத பாதியில் யாராவது ஒருவர் பஸ்ஸைத் தவற விடுகிறார். நான் தவற விட்ட மாதிரி. அமங்கலமாக இருந்தாலும் பரவாயில்லை, 'இனிமே தாங்காது, வந்து பார்த்துடு' என்று சொல்லிவிடுங்கள். கேட்கிறவருக்கு அந்த நேரம் வலிக்கும். வந்து பார்த்துவிட்டோம் என்ற ஆறுதல் பிறகு காலம் பூராவும் இருக்கும்.

விழுப்புரத்திலிருந்து எல்லாரும் புதுச்சேரிக்கு வந்த அடுத்த வாரம் பேத்தி என்னிடம் வந்து, "அப்ப நான் என்னதான் எழுதியிருக்கணும் தாத்தா?" என்று கேட்டாள். "பாட்டிக்கு வயித்து வலி, ஆஸ்பத்திரியில இருக்கோம், பயப்பட வேணாம்னு எழுதும்மா" என்றேன். "இவ்ளோ நீளமா?" என்றாள். இப்போது சொல்லுக்கு இத்தனை காசு என்று யாரும் கேட்பதில்லையே என்றேன். அவளுக்குப் புரியவில்லை. தந்தி என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது.

தகரப் பெட்டியில் வைத்திருந்த அந்த முதல் தந்தியை எடுத்துக் காட்டினேன். மடிப்பில் கிழிந்து பழுப்பேறிப் போயிருந்தது. மூன்று சொல்லையும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "பாவம் தாத்தா. உங்க அப்பாவுக்கு ரொம்ப வலிச்சுதா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, அவருக்கு வலியே இல்ல. நினைவில்லாமத்தான் கிடந்தாராம். செத்துக்கிட்டு இருந்தார். நான் போகல" என்றேன். ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, அதைத் தமிழில் சொல்லி முடிக்க.